குளோன் எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு பேக்கப்?

போன வாரம் ஆராய்ச்சி மாணவி ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸும் இருந்திருக்கின்றன. ஆய்வேடு முழுவதும் உபுண்டு பக்கம். அவருடைய அண்ணன் புது எஸ்.எஸ்.டி. வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் எடுத்து, போட்டுக் கொடுத்திருக்கிறார். எடுத்தது விண்டோஸ் பக்கத்தை மட்டும். விண்டோஸ் நன்றாகவே ஓடியது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டுச் செருகியதும், 'பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டு, அதன்மேல் சினிமாப் படங்களையும் ஏற்றிவிட்டார்கள்.

அழிந்த ஃபைல்களை இரண்டு நாள் தேடினேன். பழைய வரைவு ஒன்று கிடைத்தது. கடைசி இரண்டு அத்தியாயங்கள் கிடைக்கவில்லை. இந்த வருடம் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். விண்டோஸில் தெரியாத பார்ட்டிஷன் காலி பார்ட்டிஷன் அல்ல. உபுண்டு வழக்கமாக இருப்பது இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பில். விண்டோஸுக்கு அதைத் தானாகப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததால்தான் ஃபார்மேட் கேட்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அது சொல்லவே இல்லை. 'மை கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டலையே சார்' என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். காட்டாது!

இன்னொன்று. குளோன் என்பது பேக்கப் அல்ல. டிஸ்க் இன்றைக்கு இருக்கிற நிலையை அப்படியே இன்னொன்றில் இறக்குவது குளோன். கெட்டுப்போன ஃபைல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். எடுக்கும்போது மூல டிஸ்க்கையும் இலக்கு டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். டிஸ்க்கை நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளையான டிடி, 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களையும் நம்பாதீர்கள், அடுத்த முறை கம்ப்யூட்டரை பூட் செய்யும்போது அவை இடம் மாறலாம். மாடல், சீரியல் எண், கொள்ளளவு மூன்றையும் பார்த்துத்தான் நான் என்டர் தட்டுவேன். இத்தனை வருடம் கழித்தும் இரண்டு முறை பார்க்கிறேன்.

ஆகவே முதலில் ஃபைல்களைத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் போடாமலே பல புது லேப்டாப்களில் அது போட்டிருக்கும். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிட்டு விண்டோஸை முழுமையாக அணையுங்கள். குளோன் எடுக்கும் மென்பொருளான குளோன்சில்லாவைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து முழு டிஸ்க்கையும் எடுங்கள். பூட் ஃபைல்கள் இருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனும் அப்போதுதான் கூட வரும். புது டிஸ்க் சிறியதென்றால் முதலில் பார்ட்டிஷன்களைச் சுருக்க வேண்டும்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுப் பூட் செய்யுங்கள். பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகவே இருப்பதால், இரண்டும் செருகியிருந்தால் உபுண்டு பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்துவிடலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு ஓஎஸ்ஸும் தனித்தனியாக வருகின்றனவா, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாதீர்கள், தயவுசெய்து. 'உள்ளே உபுண்டு இருக்கிறது, ஃபார்மேட் செய்யாதே' என்று தேதியோடு எழுதி அதன்மேல் ஒட்டி வையுங்கள்.