கட்டன் சாயா நிறமா, ஒயின் சிவப்பா?

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குத் தங்க நானோகொத்து (சில பத்துத் தங்க அணுக்களே சேர்ந்த நுண்துகள்) செய்ய இறங்கும் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள், குடுவையில் ஒயின் சிவப்பைக் கண்டதும் சந்தோஷப்படுகிறார்கள். அது தோற்றுப்போன நிறம். ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் 520 நானோமீட்டர் அருகே ஒற்றை மேடு காட்டும் அந்தச் சிவப்பு, ஆயிரக்கணக்கில் அணுக்கள் சேர்ந்த பெரிய துகளுடையது. குளூட்டாதயோன் (கந்தகமுள்ள சிறு மூலக்கூறு) போர்த்திய 25 அணுக் கொத்து கட்டன் சாயா, அதாவது பாலில்லாத தேநீர் மாதிரி இருக்கும். 670 பக்கம் தனி மேடு தரும்.

ஏன் 25? நடுவில் 13 தங்க அணுக்கள் இருபதுமுகியாக நிற்கின்றன: மையத்தில் ஒன்று, சுற்றிப் பன்னிரண்டு. மீதிப் பன்னிரண்டும் குளூட்டாதயோனின் 18 கந்தகங்களோடு கோத்து ஆறு ஸ்டேப்ளர் பின்களாகக் கருவைக் கவ்வுகின்றன. ஒவ்வொரு பின்னிலும் கந்தகம் மூன்று, தங்கம் இரண்டு. 2008-இல் படிக அமைப்பு தெரிந்தபின்னும் தயோலை (கந்தகமுள்ள அந்தப் போர்வை மூலக்கூறை) 'மேற்பூச்சு' என்று ரெக்கார்டில் எழுதுவது சரியல்ல. தங்கத்தில் ஏறக்குறையப் பாதி அந்தப் பின்களில்தான் இருக்கிறது. எலக்ட்ரான் கணக்கும் பொருந்தும்: தங்க அணுவுக்கு ஒன்றாக 25-இல் 18 தயோலுக்குப் போக, கொத்தின் எதிர்மின்சுமையின் ஒன்றைச் சேர்த்தால் 8. நிலையான, மூடிய எலக்ட்ரான் கூடு.

50 மி.லி. மெத்தனாலில் தங்கம் தரும் குளோரோஆரிக் அமிலம் 98 மி.கி., குளூட்டாதயோன் 307 மி.கி. ஐஸில் அரை மணி நேரம் கலக்க வேண்டும். மஞ்சள் போகும்வரை பொறுங்கள். மஞ்சளிருக்க ஒடுக்கினால் (எலக்ட்ரான் கொடுத்தால்), போர்வை கிடைக்காத தங்கம் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பிறகு ஒடுக்குவதற்கு 95 மி.கி. சோடியம் போரோஹைட்ரைடை 12.5 மி.லி. ஐஸ்நீரில் கரைத்து, உடனே, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விடக் கூடாது. ஹைட்ரஜன் வரும், மூடியை இறுக்காதீர்கள். வெளிக் குளியலுக்குக் குளச்சலில் மீனுக்கு வாங்கும் ஐஸே போதும்; குடுவைக்குள் போகும் நீர் மட்டும் வடிநீராக இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தில் கிடைப்பது பல அளவுகளின் கலவை. கூடுதல் குளூட்டாதயோனோடு 55 டிகிரியில், காற்று படும்படி வையுங்கள்: சிறியவை சிதையும், பெரியவை அரிபட்டு 25-க்கே வந்து சேரும்.

நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு. குளோரோஆரிக் அமிலம் ஈரம் குடித்து எடையில் ஏமாற்றும். பிளாஸ்டிக் கரண்டியால் சட்டென்று எடுங்கள். இரும்புக் கரண்டி பட்டால் அதிலேயே தங்கம் படியும். கொத்தைக் கரைசலாக வைப்பதைவிட உலர்தூளாக, இருட்டில், 4 டிகிரியில் வைப்பது நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீசா அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துத் தூள் பிசுபிசுக்கும்.