ரப்பர் கடைக் கணக்கும் எக்செல் தாளும்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் கடைகளுக்கும் வாழைக்குலை வியாபாரிகளுக்கும் வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். பல கடைகளில் பேரேடு இருந்த இடத்துக்கு எக்செல் வந்துவிட்டது. நல்லதுதான். சின்னக் கடைக்குத் தனி மென்பொருள் வாங்கி, வருடாவருடம் பணம் கட்ட வேண்டியதில்லை. தாளில் சில ஆயிரம் வரிகள் வரைக்கும் எக்செலையே தகவல் தளமாக (டேட்டாபேஸாக) வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் மார்ச் முடிந்து கோப்பு கைக்கு வரும்போது, அதிலிருந்து ஒரு மொத்தத்தைக்கூட நம்பி எடுக்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. தகவலை எழுதி வைக்கும் தாளையும் எடுத்துப் பார்க்கும் தாளையும் ஒன்றாக்கிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

அந்தக் கோப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மேலே நாலைந்து கட்டங்களை இணைத்துப் பெரிய எழுத்தில் கடையின் பெயர். கீழே ஒரு விவசாயியின் பெயர், அவர் அந்த மாதம் கொண்டுவந்த ரப்பர் ஷீட், அதன் மொத்தம். ஒரு வெற்று வரி விட்டு அடுத்தவர். அச்செடுத்தால் பார்க்க அழகுதான். ஆனால் ஜூனில் மொத்தம் எத்தனை கிலோ ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர்) வாங்கினோம் என்று கேட்டால், பக்கம் பக்கமாகப் பார்த்துக் கால்குலேட்டரில்தான் கூட்ட வேண்டும்.

பழைய கடைக்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். நடந்தது நடந்தபடி நாள்வழியில் ஏறும், ஆள்வாரியாகப் பேரேடு தனியாக இருக்கும். எக்செலிலும் அப்படியே செய்யுங்கள். ஒரு தாள் நாள்வழி. அதன் முதல் வரியில் தலைப்புகள் மட்டும்: தேதி, ஆள் எண், பொருள், எடை, டிஆர்சி (ரப்பர் பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பது), விலை, தொகை, கொடுத்த பணம். அப்புறம் ஒரு கொள்முதலுக்கு ஒரு வரி. நடுவில் மொத்தம், வெற்று வரி, இணைத்த கட்டம் எதுவும் கூடாது. ஆள்வாரி நிலுவையும் மாதக் கணக்கும் வேறொரு தாளில் பிவட் டேபிளாக (எக்செல் தானே தொகுத்துக் கூட்டித்தரும் அட்டவணை) வரட்டும்.

ஆள் எண் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் தங்கராஜும் வில்சனும் செல்வராஜும் ஊருக்கு எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஆளைக் காலையில் இருப்பவர் ‘தங்கராஜ்’ என்றும், மாலையில் வருபவர் ‘கே. தங்கராஜ்’ என்றும் அடிப்பார்கள். எக்செலுக்கு அவர்கள் இரண்டு பேர். பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் மூன்றாவது ஆள் வந்துவிடுவார். ஊர்ப்பெயரும் அப்படித்தான், திருவட்டாறு ஒரு வரியில், திருவட்டார் இன்னொரு வரியில். அதனால் ஆட்களுக்கென்று தனித் தாள் வையுங்கள். எண், பெயர், வீட்டுப்பெயர், ஊர், போன், வங்கிக் கணக்கு ஆகியவை அங்கே ஒருமுறைதான் ஏற வேண்டும். நாள்வழியில் எண்ணை மட்டும் அடித்தால் பெயரை வீலுக்கப் (VLOOKUP) சூத்திரம் ஆட்கள் தாளிலிருந்து கொண்டுவந்துவிடும். பொருளின் பெயருக்கும் ஊருக்கும் டேட்டா வாலிடேஷன் என்ற வசதியில், தேர்ந்தெடுக்கும்படி பட்டியல் போட்டுவிட்டால், கையால் அடிக்கிற வேலையே இல்லை.

விலை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ரப்பர் பால் எடுக்கும் கடையில் 40 கிலோ பால் வருகிறது, டிஆர்சி 35 சதவீதம் என்றால், உலர் ரப்பர் 14 கிலோ. கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய் கொடுக்க வேண்டும். ரப்பர் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. சிலர் இன்றைய விலையை ஓரத்தில் ஒரு கட்டத்தில் எழுதி, எல்லா வரிகளையும் அந்தக் கட்டத்தோடு இணைத்துவிடுகிறார்கள். மறுநாள் அங்கே 195 என்று மாற்றியதும் நேற்றைய 2,800 சத்தமில்லாமல் 2,730 ஆகிவிடும். பணம் கொடுத்தது ஒரு தொகை, கணக்கில் நிற்பது வேறு தொகை. கொள்முதல் நடந்த நாளின் விலை அந்தந்த வரியிலேயே எண்ணாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, விவசாயி உழைத்துச் சம்பாதித்த காசு அது.

வங்கிக் கணக்கு எண்ணிலும் இதே கவனம் வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போய்விடும். அடிப்பதற்கு முன்பே அந்த நிரலை (காலத்தை, அதாவது column) டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது.

தேதிக்கு ஒரு சின்னச் சோதனை. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்பது மே 6 ஆகிவிடும், வருடத்தோடு 25/06/2024 என்று அடித்தால் தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். நீங்கள் எதுவும் மாற்றாத கட்டத்தில் தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஒரே நிரலில் இரண்டும் கலந்து தெரிந்தால் உடனே பாருங்கள்.

பணம் கொடுத்த வரிக்கு மஞ்சள் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். நிறத்தைப் பார்த்துக் கூட்டித்தர சாதாரண சூத்திரத்தால் முடியாது. ‘தீர்ந்தது’ என்று எழுத ஒரு நிரல் போதும்.

பெரிய இடங்களிலும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வகைக் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடம் இல்லை, மிஞ்சியவை வெளியே நின்றுவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. இப்போதைய எக்செலில் 10,48,576 வரிகள் உண்டு என்றாலும், பழைய வகையில் சேமித்த கோப்பைத் திறந்து பழைய வகையிலேயே தொடர்ந்தால் அதே எல்லைதான்.

இரண்டு கிளைகளில் ஒரே நேரத்தில் பதிய வேண்டுமென்றால் பென் டிரைவில் கோப்பைச் சுமந்து திரிய வேண்டாம். இரண்டு பிரதிகள் உருவாகி, எது சரி என்றே தெரியாமல் போகும். கூகுள் ஷீட்ஸுக்குப் போங்கள். ஒரு பில்லில் பத்துப் பொருள், கூடவே இருப்புக் கணக்கும் தானாகக் குறைய வேண்டும் என்கிற அளவுக்கு வியாபாரம் வளர்ந்துவிட்டால், எக்செலை விட்டு மைக்ரோசாப்ட் ஆக்சஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் போன்ற உண்மையான தகவல் தளத்துக்கு மாறிவிடுங்கள்.

கோப்பின் பிரதி கடைக்கு வெளியேயும் ஒன்று இருக்கட்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்தன, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இங்கே இரண்டு மழைக்காலம். கடைக்குள் தண்ணீர் வந்தால் கணினியும் பக்கத்து அலமாரியில் இருக்கும் பென் டிரைவும் சேர்ந்தே நனையும். ஆட்கள் தாளில் போனும் வங்கி எண்ணும் இருப்பதால் கடவுச்சொல் போடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள்.

சரி, இப்போதிருக்கும் குழம்பிய கோப்பை என்ன செய்வது? அதைத் திருத்த உட்காராதீர்கள். அப்படியே மூடி வைத்துவிட்டு, ஏப்ரல் 1 அன்று புதுத் தாள் திறந்து, ஒவ்வொருவரின் பாக்கியையும் அவரிடமே கேட்டுச் சரிபார்த்து, ‘முன் நிலுவை’ என்று ஆளுக்கு ஒரு வரி ஏற்றித் தொடங்குங்கள்.