மாரடைப்புக்குள் ஒளிந்துகொண்ட மாத்திரை

2003 வாக்கில் என் அத்தைக்கு மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "இது வயித்தப் புண்ணாக்காதும்மா" என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை. வலி நன்றாகவே குறைந்தது. சாயங்காலமானால் கால் லேசாக வீங்கும். வயசாகிவிட்டது, நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறேன் என்று அத்தையே அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அடுத்த வருஷம் அந்த மருந்து உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது.

அதன் பெயர் ரோஃபெகாக்சிப். அமெரிக்காவில் மெர்க் நிறுவனம் வயாக்ஸ் என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் இங்கே பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்றன. "சோதித்துப் பார்த்துத்தானே விற்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கும், "எல்லாம் காசுக்காகச் செய்யும் பித்தலாட்டம்" என்பவர்களுக்கும் நான் சொல்வது இந்த மருந்தின் கதையைத்தான். இரண்டு பேருக்குமே அதில் பாதிதான் சாதகம்.

முதலில் அது எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புபவை ப்ராஸ்டாகிளான்டின் என்ற பொருள்கள். அவற்றை உண்டாக்கும் நொதிக்கு காக்ஸ் என்று பெயர். அதில் இரண்டு வகை. காக்ஸ்-1 எப்போதும் வேலையில் இருக்கும். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதன் பொறுப்பு. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வரும்போது தலை தூக்கும். பழைய வலி மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து அடக்கும். வலி போகும், கூடவே வயிற்றில் புண்ணும் வரும். காக்ஸ்-2-ஐ மட்டும் அடக்கினால் வயிறு தப்பிக்குமே! நல்ல யோசனைதான், வயிற்றைப் பொறுத்தவரை அது பலித்தும்விட்டது.

சிக்கல் ரத்தக் குழாயில் இருந்தது. தட்டணுக்கள் இருக்கின்றனவே, டெங்கு வந்தால் தினமும் எண்ணச் சொல்வார்களே, அவைதான். அவை காக்ஸ்-1 மூலம் த்ராம்பாக்சேன் என்ற பொருளைச் செய்கின்றன. அது ரத்தத்தை உறையச் சொல்லும். ரத்தக் குழாயின் உட்சுவரோ ப்ராஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் செய்கிறது. அது உறையாதே என்று சொல்லும். இந்த இரண்டாவதற்கு காக்ஸ்-2 வேண்டும். காக்ஸ்-2-ஐ மட்டும் முடக்கினால் தடுப்பவன் வாயைக் கட்டிவிட்டுத் தூண்டுபவனை அவன் போக்கில் விட்ட மாதிரி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழுவினர், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ப்ராஸ்டாசைக்ளினின் எச்சம் குறைந்திருப்பதைக் கண்டு 1999-லேயே எழுதிவிட்டார்கள். அதே 1999 மே மாதம், மருந்துகளை அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. ரோஃபெகாக்சிப்புக்கு அனுமதி கொடுத்தது.

அது அலட்சியமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சிறுநீரில் ஒரு பொருள் குறைவதும் ஒருவருக்கு மாரடைப்பு வருவதும் ஒன்றல்ல. அனுமதிக்கு முன் நடக்கும் சோதனைகளில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள், பெரும்பாலும் சில மாதங்கள்தான் மருந்து சாப்பிடுவார்கள். இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. மூவாயிரம் பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, ஒருவருக்குக்கூட ஒரு குறிப்பிட்ட பக்கவிளைவு வரவில்லை என்று வையுங்கள். அது ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியது என்பதை அப்போதும் நம்மால் உறுதியாக மறுக்க முடியாது. சோதித்த எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதைப் பிடிக்க முப்பதாயிரம் பேர் வேண்டும். ஆக, அரிதான பக்கவிளைவுகள் பலவற்றை முதலில் சந்திப்பது மருந்து கடைக்கு வந்தபின் காசு கொடுத்து வாங்குபவர்கள்தான். எந்த மருந்து விளம்பரமும் இதைச் சொல்லாது.

அரிதானதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது: மருந்து இல்லாமலே பலருக்கு வரும் சர்வசாதாரணமான நோயாக வரும் பக்கவிளைவு. முதலில் அரிதானதற்கு ஓர் உதாரணமாகத் தாலிடோமைடை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து அது. கர்ப்பிணிகள் சாப்பிட, கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. அப்படிப்பட்ட பிறப்பு மிக மிக அபூர்வம். அதனால் ஹாம்பர்கில் விடுகிண்ட் லென்ஸ், சிட்னியில் வில்லியம் மெக்பிரைடு என்ற இரண்டு மருத்துவர்கள் தங்களிடம் வந்த சில குழந்தைகளை வைத்தே சந்தேகப்பட முடிந்தது. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் சிதைந்திருந்தன என்பது வேறு விஷயம். ஆனாலும் கண்ணுக்கு முன் ஒரு தடயம் இருந்தது.

மாரடைப்பில் என்ன தடயம் இருக்கும்? அறுபத்தைந்து வயது, மூட்டுவலி, கொஞ்சம் பிரஷர். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் எந்த டாக்டர் வலி மாத்திரையைக் கேட்பார்? கணக்குக்காக, ஆயிரம் பேரில் வருஷத்துக்கு எட்டுப் பேருக்கு வருவது பதினாறாகிறது என்று வைப்போம். ஐம்பது மூட்டுவலிக்காரர்களைப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் கூடுதலைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒத்த இரண்டு கூட்டத்தை வைத்து எண்ணிப் பார்ப்பதுதான்.

அப்படி ஒரு எண்ணிக்கை நடந்தது. விகர் என்ற சோதனை. முடக்குவாதம் உள்ள 8,076 பேரில் பாதிப் பேருக்கு ரோஃபெகாக்சிப், மற்றவர்களுக்கு நாப்ராக்சன் என்ற பழைய மாத்திரை. 2000 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. வயிற்றுப் பிரச்சினை பாதியாகக் குறைந்திருந்தது. மாரடைப்பு நாப்ராக்சன்காரர்களில் 0.1 சதவீதம், ரோஃபெகாக்சிப்காரர்களில் 0.4 சதவீதம். நான்கு மடங்கு! ஆனால் மெர்க்கிடம் விளக்கம் தயாராக இருந்தது: எங்கள் மருந்து கெடுக்கவில்லை, நாப்ராக்சன்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது. கேட்க நொண்டிச்சாக்கு போலத் தெரிந்தாலும், அந்தச் சோதனையை மட்டும் வைத்து இதை முறியடிக்க முடியாது. மூன்றாவதாக வெற்று மாத்திரை சாப்பிட்ட கூட்டம் ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும். முடக்குவாதக்காரர்களை மாதக்கணக்கில் வலி மருந்தில்லாமல் விட முடியாதே, அதனால் அந்தக் கூட்டம் இல்லை.

என்னைக் கோபப்படுத்துவது இது அல்ல, அடுத்தது. அந்தக் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் விடுபட்டிருந்தன. மூன்றுமே ரோஃபெகாக்சிப் சாப்பிட்டவர்களுக்கு வந்தவை. வயிற்றுப் பிரச்சினைகளை எண்ணுவதற்கு ஒரு கடைசித் தேதி, இதயப் பிரச்சினைகளை எண்ணுவதற்கு அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி! மூன்றும் அந்த இடைவெளியில் விழுந்தன. நிறுவனத்தில் வேலை பார்த்த கட்டுரையாசிரியர்கள் இருவருக்கு இது அச்சாவதற்கு முன்பே தெரியும் என்று அதே இதழின் ஆசிரியர்கள் 2005 டிசம்பரில் எழுதினார்கள். தேதியை முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம் என்பது கட்டுரையாசிரியர்களின் பதில். நன்மையை ஒரு மாதம் கூடுதலாக எண்ணும் தராசை என்னால் நேர்மையான தராசு என்று சொல்ல முடியவில்லை.

உண்மையை வெளியே கொண்டுவந்தது வலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை. பெருங்குடலில் வரும் பாலிப் கட்டிகளை ரோஃபெகாக்சிப் தடுக்குமா என்று 2,586 பேரிடம் பார்த்தார்கள். இவர்களுக்கு வலி இல்லை என்பதால் ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுக்க முடிந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 46 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்த உறைவுப் பாதிப்பு. வெற்று மாத்திரைக்காரர்களில் 26 பேருக்கு. நாப்ராக்சன் விளக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் மருந்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் இந்தியா தடை செய்தது. அமெரிக்காவில் மட்டும் 88,000 முதல் 1,40,000 பேர் வரை கூடுதலாகத் தீவிர இதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று எஃப்.டி.ஏ.வின் டேவிட் கிரஹாமும் சகாக்களும் பின்னர் மதிப்பிட்டார்கள். 2007-ல் வழக்குகளை முடிக்க நிறுவனம் 485 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

அதற்கப்புறம் சில விஷயங்கள் மாறின. சோதனை தொடங்கும் முன்பே எதை, எதுவரை எண்ணப்போகிறோம் என்று பொதுவில் பதிவு செய்யும் வழக்கம் வலுப்பெற்றது. இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம். முடிவு பிடிக்கவில்லை என்று தேதியை நகர்த்தினால் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைக்கு வந்த மருந்துகளைக் கண்காணிக்க 2010-ல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. இப்போது காஜியாபாத்திலிருந்து நடக்கிறது. டாக்டர் மட்டுமல்ல, மருந்து சாப்பிட்டவரும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. யாருக்கு வந்தது, என்ன மருந்து, என்ன ஆனது, சொல்வது யார் என்ற விவரங்கள் இருந்தால் போதும். மிச்சத்தை எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும். ரோஃபெகாக்சிப்புக்குக் கால் வீக்கமும் தெரிந்த பக்கவிளைவுதான். 2003-ல் அதை எங்கே சொல்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தை தலையணையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.