எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் வேக முள்ளைப் பாருங்கள்

"அண்ணை, வான் கனக்க எண்ணெய் குடிக்குது. நொசிலைக் கழட்டிப் பாருங்கோ."

கிளிநொச்சியில் கராச் வைத்திருக்கிற எனக்கு இது புதிய கதை அல்ல. ஆனால் போன கிழமை வந்த தம்பி, ஏற்கெனவே வேறோர் இடத்தில் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில் நான்கையும் மாற்றி, டீசல் பம்பையும் இறக்கிச் செய்வித்துவிட்டு வந்திருந்தார். அவ்வளவு காசும் போன பிறகும் எண்ணெய்ச் செலவு குறையவில்லை. கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம், பார்த்தேன், நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தன. கரும்புகை இல்லை. பிரேக் எங்கேயாவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சில்லுகளைத் தூக்கிச் சுற்றினேன், தாராளமாகச் சுற்றின. கடைசியில் அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறி இருந்தேன். முறிகண்டி தாண்டியதும் வேக முள் மணிக்கு 95 கிலோமீற்றருக்குப் போனது. மாங்குளம் வரும்வரை இறங்கவே இல்லை. தலைக்கு மேலே கூரைக் கரியர் வேறு ஊளையிட்டுக்கொண்டே வந்தது.

வாகனத்தில் ஒரு பிழையும் இல்லை, எண்ணெயைக் குடித்தது வேகமும் அந்தக் கரியரும்தான். அவர் மாற்றிய சாமான்கள் அத்தனையும் நல்ல சாமான்கள். இப்படி ஒருவர் இருவர் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். வாடகை வான் ஓடிக் குடும்பம் பார்ப்பவர்கள், பட்டா என்கிற சின்ன லொறியில் மரக்கறி ஏற்றுபவர்கள், மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் ஆசிரியர்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத்தான் குற்றம் சொல்கிறார்கள். 2022இல் பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவிரவாக வரிசையில் கிடந்தவர்கள் நாங்கள். ஒரு லீற்றரின் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த லீற்றர் எங்கே போகிறது என்பதை மட்டும் இன்னும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம்.

எனக்கு மிகவும் கோபம் வருவது ஒரேயொரு வாதத்துக்குத்தான். "வேகமாப் போனா எஞ்சின் குறைய நேரம்தானே ஓடும், அப்ப எண்ணெயும் குறையத்தானே முடியும்?" படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆகவே இதை ஆறுதலாகப் பார்ப்போம்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். நிற்காமல் 70இல் போனால் 64 நிமிடம், 100இல் போனால் 45 நிமிடம். எஞ்சின் 19 நிமிடம் குறைவாக ஓடியது, சரி. அந்த 45 நிமிடமும் அது என்ன வேலை செய்தது?

சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வாகனத்தை இரண்டு விசைகள் தடுக்கின்றன. ஒன்று ரயர் உருளும்போது வரும் தடை. இது வேகத்தோடு பெரிதாக மாறாது. மற்றது காற்று. அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு. ஆட்களோடு சேர்த்து 2 தொன் நிறையுள்ள வான் ஒன்றுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 70இல் ரயர் தடை 230 நியூட்டன், காற்றும் 230 நியூட்டன், மொத்தம் 460. அதே வான் 100இல் போகும்போது ரயர் தடை அப்படியே நிற்கும், காற்று மட்டும் 470க்கு ஏறிவிடும். மொத்தம் 700. ஒவ்வொரு மீற்றரையும் கடக்க எஞ்சின் கொடுக்கவேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. 75 கிலோமீற்றர் என்பது எந்த வேகத்தில் போனாலும் 75 கிலோமீற்றர்தானே? அத்தனை மீற்றருக்கும் அந்த ஒன்றரை மடங்கைக் கொடுத்தே ஆகவேண்டும்.

நேரத்தை வைத்துத்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு அதே கணக்கை வலுவில் சொல்கிறேன். 70இல் சில்லுக்குத் தேவையான வலு ஏறத்தாழ 9 கிலோவாற். 100இல் 19 கிலோவாற்றுக்கு மேல். வலு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, நேரமோ மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், அதே ஒன்றரை மடங்குதான் வரும். பாரம் கூடும்போது எஞ்சின் எண்ணெயைச் சற்றுத் திறமாகப் பயன்படுத்தும் என்பதால் தாங்கியில் குறைவது முழு ஒன்றரை மடங்காக இருக்காது. ஆனாலும் கையைச் சுடுகிற அளவுக்கு இருக்கும். டொப் கியரில் போவதால் இதிலிருந்து தப்ப முடியாது. கியர் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும், முன்னால் நிற்கும் காற்றைக் குறைக்காது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 20, 30இல் ஊர்கிறபோது அது உண்மைதான். எஞ்சின் தன்னைத்தானே சுற்ற வைத்திருக்கவே எண்ணெய் எரிக்கும். ஊர்ந்துகொண்டு போனால் அந்தச் செலவு கிலோமீற்றருக்குக் கூடும். ஆகவே 30இலிருந்து 60க்குப் போனால் மிச்சம் பிடிக்கலாம். அங்கே சரியாக இருக்கிற ஒன்றை 100 வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதுதான் பிழை. பெரும்பாலான வாகனங்களுக்குச் சிக்கனமான இடம் 50க்கும் 80க்கும் இடையில், மேல் கியரில், சீராகப் போகும்போது கிடைக்கும். ஊர்மனைக்கு வெளியே கார், வானுக்குச் சட்டம் விடுகிற வேகமும் 70தான்.

அந்த 19 நிமிடம்கூட உண்மையில் கிடைக்காது. மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஒவ்வொரு சந்தியிலும் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். நடுவில் மாட்டுப் பட்டி வேறு. 100இலிருந்து பிரேக் அடித்து 40க்கு வந்து, மறுபடி மிதித்து 100க்கு ஏற்றும்போது, எண்ணெய் கொடுத்து வாங்கிய வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்கிறீர்கள். பிரேக் பட்டை சீக்கிரம் தேய்கிறது என்று வருபவர்களும் எண்ணெய் குடிக்குது என்று வருபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

இனிக் கூரைக் கரியர். அந்தத் தம்பியின் வானில் இருந்தது வாசலுக்கு கேற் அடிக்கிற சதுரக் குழாயில் செய்த கனமான கரியர். மேலே இருந்தது கழற்றி வைத்த ஓர் ஆசனமும் சுருட்டிய தறப்பாளும் மட்டும். கலியாணப் பயணம் ஒன்றுக்குச் சாமான் ஏற்றப் பூட்டியதாம், பிறகு கழற்றவே இல்லை. நட்டெல்லாம் துருவேறி இறுகிப்போய், எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிவிட்டு ஓடியபோது 60க்கு மேல் கேட்ட ஊளை போய்விட்டது. அந்தச் சத்தத்தை உண்டாக்குவதற்கும் எண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது.

கூரையில் பூட்டும் பெரிய பெட்டி ஒன்று எவ்வளவு தின்னும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டி சொல்கிறது. ஒரு லீற்றரில் ஓடும் தூரம் நகரத்துக்குள் 2 முதல் 8 வீதம், நெடுந்தெருவில் 6 முதல் 17 வீதம், 105 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் 10 முதல் 25 வீதம் குறையும். அதே சாமானை வாகனத்தின் பின்பக்கம் பூட்டிக் கொண்டுபோனால் நெடுந்தெருவில் 1 முதல் 5 வீதம்தான். பொருள் ஒன்று, பாரமும் ஒன்று. காற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறதா, வாகனத்தின் மறைவில் இருக்கிறதா என்பதில்தான் அவ்வளவு வித்தியாசமும். தேவையான நாளில் பூட்டுங்கள், மற்ற நாளில் கழற்றிச் சுவரோடு சாத்தி வையுங்கள். நட்டுக்குக் கிறீஸ் பூசி வைத்தால் பத்து நிமிட வேலை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் இன்னொரு முறைப்பாடு வரும். வடக்கே யாழ்ப்பாணம் போகும்போது நன்றாக ஓடுகிறது, தெற்கே வவுனியாப் பக்கம் போனால் எண்ணெய் காணாது என்பார்கள். பூநகரி வெளியில் சோளகத்துக்கு எதிராகச் சைக்கிள் மிதித்த எவருக்கும் இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. மணிக்கு 25 கிலோமீற்றர் காற்று நேர் எதிரே வந்தால், நீங்கள் 70இல் போனாலும் வாகனத்துக்கு அது 95. காற்றுத் தடை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று உதவும், ஆனால் போகும்போது இழந்ததை முழுதாகத் திருப்பித் தராது. அந்த மாதங்களில் தெற்கே போகும்போதும் ஆனையிறவு வெளியிலும் 60க்கு இறங்கிவிடுங்கள்.

லொறி, பட்டா வைத்திருப்பவர்கள் தறப்பாளைக் கவனியுங்கள். காற்றில் ஊதிப் புடைத்துப் படபடவென்று அடிக்கிற தறப்பாளோடு ஓடவேண்டாம், கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும்போது கபினுக்கு மேல் எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவுக்குச் செலவு ஏறும். முடிந்தால் நீளத்துக்கு அடுக்குங்கள். கபின் மேல் பூட்டும் காற்றுத் தடுப்புத் தகடு, பின்னால் கபினைவிட உயரமான பெட்டி இருந்தால் நல்லது. வெறும் தட்டு லொறிக்கு அதைப் பூட்டினால் நட்டம்தான்.

மோட்டார் சைக்கிளுக்கு நிறை குறைவு என்பதால் அதன் செலவில் பெரும் பங்கு காற்றுக்கே போகிறது. 50இலிருந்து 80க்குப் போனால் காற்றுத் தடை இரண்டரை மடங்கு. திறந்த மழைக்கோட்டோடு ஓடவேண்டாம், பொத்தானைப் பூட்டுங்கள்.

தம்பிமாரிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மை. அதை யாரோ உங்களுக்குச் சொல்லியும் தந்துவிட்டார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏ9 நெடுந்தெருவில் இரவில் மாடு குறுக்கே வந்தால் பஸ் சாரதிக்குத்தான் தெரியும், பின்னால் வருகிற உங்களுக்குத் தெரியாது. அவர் பிரேக் அடித்ததை நீங்கள் காணும்போது பிடிக்க இடம் இருக்காது. அப்படி நொறுங்கிய மோட்டார் சைக்கிள்களை என் கராச்சுக்கு இழுத்து வருகிறார்கள். அவற்றைக் கழற்றும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயர்க் காற்றை மாதம் ஒருமுறை, ரயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். நகரத்துக்குள் கண்ணாடியைத் திறந்து ஓடலாம், வெளித்தெருவில் 70ஐத் தொடும்போது மூடிவிட்டு ஏசியைப் போடுங்கள். மின்னணு எரிபொருள் முறை உள்ள வாகனத்தை வேகம் குறைக்கும்போது நியூற்றலில் விடாதீர்கள். கியரில் விட்டு அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் எண்ணெய் தானாக நின்றுவிடும், நியூற்றலில் நிற்காது. எண்ணெய்க் குழாயில் காந்தம் பூட்டினால் மிச்சம் பிடிக்கும் என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள், அது சுத்தப் பொய்.

எந்த வேலை செய்வதற்கு முன்னாலும் அளந்து பாருங்கள். "ரெண்டாயிரம் ரூபாய்க்கு அடிச்சன், கெதியா முடிஞ்சுது" என்பது அளவு அல்ல. தாங்கியை முழுதாக நிரப்பி, கிலோமீற்றரைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறையும் அதே செட்டில், அதே பம்பில் முழுதாக நிரப்பி, அடித்த லீற்றரையும் ஓடிய கிலோமீற்றரையும் எழுதுங்கள். இரண்டு கிழமை நீங்கள் வழக்கமாக ஓடுகிறபடி, பிறகு இரண்டு கிழமை கரியர் இல்லாமல் 70ஐத் தாண்டாமல். அப்படி ஓடியும் குறையவில்லை என்றால் வாகனத்தைக் கொண்டுவாருங்கள், கொப்பியும் கையோடு வரவேண்டும். அப்போது நொசிலைக் கழற்றுவோம்.