மனந்திரும்புதலை மனமாற்றம் ஆக்காதீர்கள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் 'மனமாற்ற வழிபாடு', 'மனமாற்ற ஜெபம்' என்று அறிவிப்புகள் வரிசைகட்டுகின்றன. நல்ல தமிழ்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தமிழ் நல்லதுதான், பொருள்தான் பொருந்தவில்லை. அந்த இடத்துக்கு உரிய சொல் மனந்திரும்புதல்.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா. 'நூஸ்' என்றால் மனம், அறிவு. 'மெட்டா' மாறுதலைக் குறிக்கும் முன்னொட்டு. லத்தீனில் ஜெரோம் இதைத் தவம், பரிகாரம் என்ற வாடை அடிக்கும் சொல்லால் பெயர்த்தார். 1516-இல் அறிஞர் எராஸ்மஸின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வந்தபிறகு அந்தப் பெயர்ப்பின் குறை பளிச்சென்று தெரிந்தது. மறு ஆண்டு சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான்: விசுவாசியின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். மாற்கு 1:15-ஐப் பழைய மொழிபெயர்ப்பு 'மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்' என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்கிறது. சுவிசேஷம் நற்செய்தி ஆனதிலும் விசுவாசம் நம்பிக்கை ஆனதிலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மனந்திரும்புதல் வடசொல்லா? மனம் இரண்டிலும் பொது, அதை ஒதுக்கிவிட்டால் திரும்புதல், மாறுதல் இரண்டுமே நம் சொற்கள். தூய்மைக்காக மாற்றினோம் என்று யாரும் சொல்ல முடியாது.

கிரேக்கத்துக்கு 'மனம் மாறு' என்பதே நெருக்கம், 'திரும்பு' என்பதற்குத் தனிக் கிரேக்கச் சொல் இருக்கிறது என்று வாதிடுவார்கள். உண்மை, அப்போஸ்தலர் 3:19-இல் இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. பழைய தமிழ் அங்கே 'மனந்திரும்பிக் குணப்படுங்கள்' என்று சமாளிக்கிறது. ஆனால் இயேசு கலிலேயாவில் பேசியது அரமேயம். அந்த மொழியின் கிளையான சிரியாக்கில் பெயர்த்தவர்கள் மாற்கு 1:15-இல் போட்ட வினை 'தூபு', அதாவது திரும்புங்கள். எபிரேயத் தீர்க்கதரிசிகள் ஓயாமல் சொன்ன 'ஷூப்' என்பதும் இதே திரும்புதல்தான். 'உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து, உங்கள் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்புங்கள்' என்கிறார் அவர்களில் ஒருவரான யோவேல். கத்தோலிக்கர் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று முதல் வாசகமாகக் கேட்பது இந்தப் பகுதியைத்தான். அங்கே 'திரும்பி வாருங்கள்' என்று வாசித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நெற்றியில் சாம்பல் பூசும்போது 'மனம் மாறி' என்கிறார்கள். ஒரே வழிபாட்டுக்குள் அழைப்பின் திசை தொலைந்துபோகிறது.

திசைதான் இங்கே எல்லாமே. மாறுவதற்கு எதிரில் யாரும் இருக்க வேண்டியதில்லை. கூட்டணி விஷயத்தில் தலைவருக்கு மனமாற்றம் என்று செய்தி வருகிறது. நாளைக்கே இன்னொரு மனமாற்றமும் வரும். திரும்புவதென்றால் விட்டுவந்த இடம் ஒன்று வேண்டும், அங்கே ஒருவர் இருக்க வேண்டும். லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையில், தகப்பனை விட்டுப்போன இளைய மகனுக்குப் பன்றிகளின் நடுவில் புத்தி தெளிகிறது. அதோடு நின்றிருந்தால் அது மனமாற்றம். 'நான் எழுந்து, என் தகப்பனிடத்திற்குப் போய்' என்கிறானே, அங்கேதான் மனந்திரும்புதல் தொடங்குகிறது. போய் என்ன சொல்வது என்றும் அப்போதே யோசித்துவைக்கிறான். அந்த வார்த்தைகள்தான் அவனுடைய ஜெபம். ஜெபம் இல்லாத மனந்திரும்புதல் கிறிஸ்தவத்தில் கிடையாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

வருத்தம் வேறு, இது வேறு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றி மத்தேயு 27:3 எழுதும்போது வேறொரு கிரேக்கச் சொல்லைத்தான் எடுக்கிறது. பழைய தமிழிலும் அவன் 'மனஸ்தாபப்பட்டு' என்றே இருக்கிறது. மனம் வெந்தான், ஆனால் திரும்பவில்லை. 2 கொரிந்தியர் 7:10-இல் மனஸ்தாபத்தையும் மனந்திரும்புதலையும் ஒரே வசனத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்தை இதில் பார்க்கலாம். இன்று மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்கு நடுவே உள்ள பிணக்கு என்று ஆகிவிட்டதால் அங்கே 'மனவருத்தம்' போடலாம், தவறில்லை. கத்தோலிக்கரின் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' மட்டும் பழைய பொருளோடு இன்றும் வாயில் நிற்கிறது. அதுகூட வருத்தத்தோடு நிற்பதில்லை, இனிப் பாவம் செய்யமாட்டேன் என்ற உறுதிக்கும் போகிறது.

'ஜெபம்' பற்றியும் ஒன்று. அது வடமொழி 'ஜப', ஒன்றையே திரும்பத் திரும்ப முணுமுணுப்பது. செபம் என்று எழுதினாலும் வேர் மாறாது. மனந்திரும்புகிறவன் செய்வதற்கு மன்றாட்டு என்ற சொல் எத்தனை பொருத்தம்! 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், செய்தது மன்றாட்டு. ஆகவே 'மனந்திரும்புதல் மன்றாட்டு' என்றே எழுதலாம்.

அப்புறம் இந்தத் திரைப்பட வசனம் பெயர்ப்பவர்கள். மனந்திரும்பு என்று வரவேண்டிய இடத்திலும் 'பாவமன்னிப்பு கேள்', பாவ அறிக்கைக்கும் 'பாவமன்னிப்பு', குருவானவர் கடவுளின் பெயரால் பாவங்களிலிருந்து விடுவித்தாலும் 'பாவமன்னிப்பு'. திரும்புவது மனிதன், அறிக்கை செய்வதும் அவன்தான், மன்னிப்பது கடவுள். இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், படம் பார்க்கிறவர் கிறிஸ்தவத்தில் ஒரு கூண்டுக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்றுதான் நினைப்பார். பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.