மானியம்: சொல்லும் எரிபொருள் விலையும்

மானியம் என்ற சொல் இன்று எரிபொருள், உரம், மின்சாரம் ஆகியவற்றோடு சேர்ந்தே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஒரு பொருளைக் கொள்முதல் செய்து மக்களிடம் சேர்ப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு அது விற்கப்படும்போது, இடையில் துண்டு விழும் தொகையை அரசு ஏற்றுக்கொள்வதை இப்போது மானியம் என்கிறோம். இச்சொல்லின் பழைய பொருள் இதுவன்று. பழைய மானியத்துக்கு உரியவர் ஒருவர் இருந்தார், எல்லை இருந்தது, அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற காரணமும் எழுதப்பட்டிருந்தது. பெட்ரோல் விலைக்குள் கரைந்து கிடக்கும் மானியத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எரிபொருள் மானியச் சீர்திருத்தம் என்று உலகெங்கும் நடக்கும் முயற்சிகள், இழந்துபோன அந்த உரியவரை மீண்டும் தேடும் முயற்சிகளே என்பது என் கருத்து. அதனால்தான் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுத நினைத்தேன்.

மானியம் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மதிப்பிற்குரியது, மதித்து அளிக்கப்பட்டது என்னும் பொருள் கொண்ட ‘மான்ய’ என்பதே அதன் மூலம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கிறது. தமிழிலும் அதுவே முதற்பொருள்: கோயில் பூசைக்கோ, கல்விக்கோ, ஊர்க்காவலுக்கோ, வேறோர் ஊழியத்துக்கோ வரி நீக்கியோ மிகக் குறைந்த வரிக்கோ ஒருவருக்கு விடப்பட்ட நிலம். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் சர்வமானியம் என்ற தொடர் அடிக்கடி வருகிறது. எல்லா வரிகளும் நீக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள்.

அதற்கு முன்பே சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்குத் தூய தமிழ்ச் சொல் ஒன்று வழங்கியது. இறையிலி என்பதே அது. இறை என்பது வரி. அது இல்லாத நிலம் இறையிலி. ஓர் இறையிலியைக் கல்லில் வெட்டும்போது கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு எல்லையும் சொல்லப்பட்டன. பெறுபவர் யார், எதற்காக என்பதும் எழுதப்பட்டது. இவற்றைவிட என்னை வியக்கவைப்பது இறைதிரவியம் என்னும் ஏற்பாடு. ஒரு நிலத்துக்கு வரி நீக்கினால் ஊர்ச்சபைக்கு வரவேண்டிய வருவாய் குறையும் என்பதால், கொடையாளி ஒரு தொகையைச் சபையிடம் முன்கூட்டியே செலுத்தி, அதன்பேரில் சபை அந்நிலத்தை இறையிலியாக்கிக் கொடுத்தது. ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் வரி இன்னொருவர் தலையில் விழும் என்பதை அவர்கள் தெளிவாக அறிந்து, சுமப்பவர் யார் என்பதையும் பதிந்து வைத்தார்கள். அதே கல்வெட்டுகள் ‘சந்திராதித்தவரை’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, அக்கொடை செல்லும் என்றும் சொல்லின. தற்காலிகமாகத் தொடங்கி முடிவில்லாமல் நீளும் இன்றைய மானியங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொடர் நினைவுக்கு வருகிறது.

பழைய மானியங்களிலும் முறைகேடு இல்லாமல் இல்லை. ஊழியம் நின்றுபோன பிறகும் நிலத்தை வைத்திருப்பது, உரிமைச் சான்று இல்லாமல் மானியம் என்று சொல்லிக்கொள்வது போன்ற சிக்கல்கள் பெருகியிருந்தன. அரபு மொழியிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்த இனாம் என்ற சொல் அப்போது மானியத்துக்கு ஈடாக நிர்வாகத்தில் வழங்கியது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் ஊர் ஊராக உரிமைகளை விசாரித்துப் பதிவேடுகளை எழுதியது. அந்தப் பதிவேடுகள் இன்றும் நில வழக்குகளில் சான்றாகக் காட்டப்படுகின்றன. மானியம் யாருக்கு உரியது என்று ஓர் அரசு கேட்டுப் பதிவு செய்வது நமக்குப் புதிதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சப்சிடி என்ற ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. அதன் மூலமான இலத்தீன் சொல், கீழே அமர்ந்து காத்திருத்தல் என்னும் பொருளிலிருந்து பிறந்தது. உரோமப் படையில் முன்வரிசைகள் தளரும்வரை பின்னே காத்திருந்து, இறுதியில் துணைக்கு எழும் படைப்பகுதியை அது குறித்தது. இடைக்கால இங்கிலாந்தில் அச்சொல், மன்னரின் தேவைக்காக நாடாளுமன்றம் இசைந்து கொடுத்த வரிக்குப் பெயரானது. அதாவது அன்று மக்கள் அரசுக்குக் கொடுத்தது சப்சிடி. இன்று அரசு மக்களுக்குக் கொடுப்பது சப்சிடி. இடையில் அது ஓர் அரசு தன் நட்பு அரசுக்குப் போர்ச்செலவுக்காகக் கொடுக்கும் பணத்தையும் குறித்தது. 1758 உடன்படிக்கையின்படி பிரித்தானியா பிரசியாவுக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுண்டு கொடுத்தது அத்தகையது. துணைப்படை என்ற முதற்பொருளில் ஒரு நுட்பம் உண்டு: துணைப்படை எப்போதும் களத்தில் நிற்பதில்லை, தேவைப்படும்போது மட்டுமே எழுகிறது.

இந்தச் சப்சிடிக்குத் தமிழில் மானியம் என்று எழுதத் தொடங்கியபோது ஒரு குழப்பமும் கூடவே வந்தது. சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்பதை மானியக் கோரிக்கை என்கிறோம். உயர்கல்வி அமைப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு என்கிறோம். இவ்விரண்டிலும் மானியம் என்பது நிதி ஒதுக்கீட்டையோ நல்கையையோ குறிக்கிறது. விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக, ஒதுக்கப்படும் நிதி, ஒருவர் கையில் தரப்படும் பணம், ஒரு பொருளின் விலையில் மறைந்திருக்கும் குறைப்பு ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. எரிபொருள் பற்றிய விவாதத்தில் பின்னிரண்டையும் பிரித்தறியாமல் எதையும் சரியாகப் பேச முடியாது.

எரிபொருள் மானியம் கணக்கிடப்படும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். பன்னாட்டுச் சந்தை விலையோடு கப்பல் கட்டணம், சேமிப்பு, விநியோகச் செலவு ஆகியவற்றைக் கூட்டி ஓர் ஒப்பீட்டு விலை வகுக்கப்படுகிறது. அதிலிருந்து நுகர்வோர் கொடுக்கும் விலையைக் கழித்து, எஞ்சும் இடைவெளியை விற்ற அளவால் பெருக்கினால் மானியத் தொகை கிடைக்கும். இந்தச் சூத்திரத்தில் ஆள் என்பவர் எங்கும் இல்லை, லிட்டர் மட்டுமே இருக்கிறது. அதிக லிட்டர் எரிப்பவருக்கு அதிக மானியம் போகிறது. வளரும் நாடுகள் 20-இன் தரவுகளைக் கொண்டு பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மேல்தட்டு 20 விழுக்காட்டு வீடுகள் அடித்தட்டு 20 விழுக்காட்டு வீடுகளைவிட ஏறத்தாழ 6 மடங்கு எரிபொருள் மானியத்தைப் பெறுவதாகக் கண்டது. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. ஏழைகளின் பெயரால் வகுக்கப்பட்ட ஒரு திட்டம், அதன் அமைப்பினாலேயே, வசதியுள்ளவர்களிடம் போய்ச் சேர்கிறது.

மானியத்தின் பெரும்பகுதி சில வேளைகளில் வரவு செலவுத் திட்டத்தில்கூடத் தெரிவதில்லை. விலையை உயர்த்த விடாமல் எண்ணெய் நிறுவனங்களின் மேல் சுமை ஏற்றப்படும்போது, அது நிறுவனத்தின் இழப்பாகக் கணக்கில் கிடக்கும். இந்தியா 2000-களின் இரண்டாம் பாதியில் எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதில் எண்ணெய்ப் பத்திரங்களை, அதாவது பின்னாளில் பணம் தருவதாக அரசு எழுதிய கடன் பத்திரங்களை, கொடுத்தது. அன்று ஓட்டிய வண்டிகளுக்கான கடன் 2020-களில் அடைக்கப்பட்டது. மறைமுக மானியம் என்ற இன்னொரு தொடரும் உண்டு. காற்று மாசு, வெப்பநிலை உயர்வு ஆகியவற்றின் செலவு எரிபொருள் விலையில் சேர்க்கப்படாமல் இருப்பதையும் மானியமாகக் கொண்டு, பன்னாட்டு நாணய நிதியம் 2022-ஆம் ஆண்டுக்கு மொத்தம் 7 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் வெளிப்படையான மானியம் 1.3 லட்சம் கோடி டாலர். அந்தச் செலவு உண்மையானதே. ஆயினும் கருவூலத்திலிருந்து வெளியேறாத ஒன்றைத் தமிழில் மானியம் என்பதைவிட, கணக்கில் ஏறாத செலவு என்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

இனி, முறைகேடு. இதைக் கசிவு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கசிவு தானாக நேர்வது. அதற்குச் செய்பவர் இல்லை. மானிய எரிபொருளில் நடப்பதோ, ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் இருக்கும் இடத்தில் மனிதர்கள் தெரிந்தே செய்யும் செயல். மானிய விலையில் வாங்கிய மண்ணெண்ணெயை டீசலில் கலப்பது கலப்படம். வீட்டுச் சமையலுக்கான எரிவாயு உருளையை வணிகத்துக்குத் திருப்புவது திசைமாற்றம். விலை உயரும் நாளுக்கு முன் தேக்கி வைப்பது பதுக்கல். அண்டை நாட்டு விலை உயர்வாக இருக்கும்போது எல்லை தாண்டிக் கொண்டுபோவது கடத்தல். இல்லாத பெயரில் பெறுவது போலிப் பயனாளி மோசடி. இத்தனை நல்ல சொற்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் கசிவு என்று ஒரே சொல்லால் எழுதினால் குற்றம் மறைந்துபோகிறது.

இவற்றைத் தடுக்க முதலில் கண்டறிந்த வழி பொருளுக்கு அடையாளம் இடுவது. இந்தியாவின் பொது விநியோக மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயமும், பிரித்தானியாவில் வரிச்சலுகை பெற்ற டீசலுக்குச் சிவப்புச் சாயமும் சேர்க்கப்பட்டன. சாயம் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இலாபம் இருக்கும்வரை சாயத்தை நீக்கும் முயற்சியும் இருக்கும். அடுத்த வழி விலை வேறுபாட்டையே அகற்றுவது. 2013 ஜூனில் சில மாவட்டங்களில் தொடங்கி, 2015 ஜனவரி 1 முதல் இந்தியா முழுவதும் விரிந்த பஹல் திட்டத்தில், சமையல் எரிவாயு உருளை சந்தை விலைக்கே விற்கப்பட்டு, மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. வீட்டு உருளையை மலிவாக வாங்கி வெளியே விற்பதில் இருந்த இலாபம் இதனால் குறைந்தது. ஒரே வீட்டில் இருந்த இரட்டை இணைப்புகளும் கணக்கு இணைப்பின்போது வெளிப்பட்டன. இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. முழு விலையை முதலில் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு உருளையை மாற்றுவதே பெருஞ்சுமையாகிறது. மலேசியா இதை வேறு விதமாகக் கையாண்டது. அங்கு 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், குடிமக்கள் தம் அடையாள அட்டையைக் காட்டி மாதம் 300 லிட்டர்வரை பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்க வழி செய்யப்பட்டது. மானியம் விலையிலேயே நீடிக்கிறது. ஆனால் அது ஆளோடும் அளவோடும் கட்டப்படுகிறது.

முறைகேடு என்றால் பயனாளிகளை மட்டும் சந்தேகிப்பது பெரும்பிழை. நைஜீரியாவில் 2012 ஜனவரியில் மானியம் திடீரென்று நீக்கப்பட்டு மக்கள் தெருவில் இறங்கிய பின்னர், நாடாளுமன்றக் குழு ஒன்று மானியக் கணக்குகளை ஆராய்ந்தது. இறக்குமதி செய்யாத எரிபொருளுக்கும் மானியம் கோரிப் பெற்ற நிறுவனங்களை அது சுட்டியது. அங்கே பெரும்பணம் போனது பெட்ரோல் நிலையத்தில் அல்ல, கோரிக்கைப் படிவத்தில்.

இத்தகைய சீர்திருத்தங்களை விளக்கச் சரியான சொற்கள் வேண்டும். விலையில் மறைந்து நிற்கும் குறைப்பை விலையீடு என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. இழப்புக்கு ஈடு இழப்பீடு ஆவதைப் போல, விலையின் குறைவுக்கு அரசு கொடுக்கும் ஈடு விலையீடு. ஆளின் கையில் சேரும் பணத்துக்கு உதவித்தொகை என்ற சொல் ஏற்கெனவே நன்றாக நிலைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் பொதுப்பெயராக மானியம் இருக்கட்டும். பல நூற்றாண்டுகள் தமிழில் வேரூன்றிய சொல்லை வடமொழி மூலம் என்பதற்காக விலக்க வேண்டியதில்லை. இப்படி வகுத்துக்கொண்டால், பஹல் போன்ற ஒரு திட்டத்தை ‘விலையீட்டை உதவித்தொகையாக மாற்றுதல்’ என்று ஒரே தொடரில் யாருக்கும் புரியும்படி சொல்லிவிட முடிகிறது. இலக்கிடப்பட்ட மானியம் என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. இலக்கு என்றதும் அம்பும் துப்பாக்கியும் நினைவுக்கு வருகின்றன. உரியவர் மானியம் என்பது எளியது, பழைய மானியத்தின் பொருளோடும் ஒத்துப்போவது. அந்த உரியவர் பட்டியலில் தகுதியில்லாதவர் நுழைவதைச் சேர்க்கைப் பிழை என்றும், தகுதியுள்ளவர் விடுபடுவதை விடுபாட்டுப் பிழை என்றும் சொல்லலாம். முதற்பிழையில் பணம் வீணாகிறது. இரண்டாவதில் ஒரு வீட்டில் அடுப்பு அணைகிறது. இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பேசும் அறிக்கைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

சீர்திருத்தம், நீக்கம், வெட்டு ஆகிய மூன்றையும் கலந்து எழுதுவதும் தவறு. நீக்கம் என்பது விலையீட்டை எடுத்துவிடுவது. எடுத்த பணம் வேறு வழியில் உரியவரிடம் திரும்பினால்தான் அது சீர்திருத்தம். திரும்பாவிட்டால் அது வெட்டு. ஈரானில் மானியத்தை யாரானே என்பார்கள். துணை, உதவி என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 2010 டிசம்பரில் அங்கு எரிபொருள் விலைகள் பன்மடங்கு உயர்த்தப்பட்டபோது, அதற்கு முன்பே மக்களின் வங்கிக் கணக்குகளில் பணம் போடப்பட்டு, விலை உயர்ந்த நாளில் எடுத்துக்கொள்ளத் திறந்துவிடப்பட்டது. ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால். பணம் கையில் இருந்ததால் விலை உயர்வு பெரிய கலவரமின்றி நடந்தது. ஆனால் அந்தத் தொகை விலைவாசியோடு உயர்த்தப்படவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளின் பணவீக்கத்தில் அதே 4,55,000 ரியாலுக்கு வாங்க முடிந்தது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போனது. விலையீடு போய் உதவித்தொகை வந்தது. பிறகு உதவித்தொகையும் தேய்ந்தது. இப்படி முடிந்ததைச் சீர்திருத்தம் என்று எழுதுவதா, தாமதமான வெட்டு என்று எழுதுவதா என்று கேட்டால், இரண்டாவதையே நான் எழுதுவேன்.