மூன்று மீட்டர் பால்கனியில் ஓர் ஆன்டெனா

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஃபெஞ்சல் புயல் அன்றைக்கு எங்கள் தெருவில் போன் சிக்னல் அடியோடு போய்விட்டது. அதற்கப்புறம்தான் தேர்வு எழுதி ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான உரிமம் வாங்கினேன். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைத்த நேர்க்கம்பி ஆன்டெனா) 20 மீட்டர் கம்பி வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பதோ கிழக்கு பார்த்த 3 மீட்டர் பால்கனி. மொட்டை மாடியில் எதுவும் கட்டக்கூடாது, இடியை இழுக்கும் என்று குடியிருப்போர் சங்கம் மறுத்துவிட்டது. என்ன செய்வது?”

இடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் உலோகக் கம்பத்தில் மின்னல் இறங்க வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் எர்த் போடுகிறோம். பால்கனிக்குள் அடங்கும் ஒரு மீட்டர் வளையத்துக்கு அந்தப் பேச்சே பொருந்தாது. ஆனாலும் மழை இருட்டினால் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆன்டெனாவைக் கண்டாலே தலைவலி வரும், குருவி சாகும் என்று அளந்தும் பார்க்காமல் பயப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. புயல் நேரத்தில் ஒரு தெருவுக்கே உதவக்கூடிய கருவியை அந்தப் பயம் தடுத்துவிடுகிறது.

7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். டைபோல் அதில் பாதி. நீளமான சுவர் இருந்தால் கம்பியை மடக்கிக் கட்டலாம், ஒரு முனையில் மின்மாற்றி வைத்து ஊட்டலாம், சுருள் சேர்த்துச் செங்குத்துக் கம்பியைக் குட்டையாக்கலாம். எல்லாம் வேலை செய்யும். ஆனால் 3 மீட்டர் பால்கனிக்கு நான் கை காட்டுவது ஒன்றைத்தான்: செம்புக் குழாயை வட்டமாக வளைத்து, இரு முனைகளுக்கும் இடையே ஒரு மின்தேக்கியை (கண்டென்சர்) பொருத்திய வளைய ஆன்டெனா. ஹாம்கள் இதை மேக் லூப் என்பார்கள்.

இது எப்படி அலை அனுப்புகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. 1 மீட்டர் விட்டமுள்ள வளையத்தை நிமிர்த்தி வையுங்கள். இடப் பக்கம் மின்னோட்டம் ஏறும்போது வலப் பக்கம் அதே அளவு மின்னோட்டம் இறங்குகிறது. ஒரு பக்கம் அனுப்பும் அலையை மறுபக்கம் அனுப்பும் அலை அழித்துவிட வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு எதுவுமே கேட்கக்கூடாது. ஆனால் கேட்கிறது!

காரணம், ஒளிக்கும் 1 மீட்டரைக் கடக்க 3.3 நானோ நொடி ஆகிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கடைசியில் வருகிறேன், இந்தச் சிறு வளையம் நன்றாக வேலை செய்யும் 14 மெகாஹெர்ட்ஸில் முதலில் கணக்குப் போடுவோம். அந்த அலை ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம் 71 நானோ நொடி. அதனால் வளையத்தின் தூரப் பக்கத்திலிருந்து வரும் அலை, கிட்டப் பக்கத்து அலையைவிட 17 டிகிரி பிந்தி வந்து சேர்கிறது. பிந்திவிட்டதால் கணக்கு நேராவதில்லை, கொஞ்சம் மிச்சம் விழுகிறது. அந்த மிச்சம்தான் நம் சிக்னல். ஒளியின் வேகத்துக்கு எல்லை இல்லாமல் இருந்திருந்தால் இந்த வளையம் ஊமையாகவே இருந்திருக்கும். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

வளையத்தின் தட்டையான முகத்துக்கு நேரெதிரே நிற்பவருக்கு இரு பக்கமும் ஒரே தூரம். யாரும் பிந்துவதில்லை, அழிப்பு முழுமையாகிவிடும். அதனால் முகத்துக்கு நேரே சத்தமே இராது. வளையத்தின் விளிம்பு பார்க்கும் திசையில்தான் சிக்னல் போகும்.

சரி, மிச்சம் எவ்வளவு? ஆன்டெனா வெளியே தள்ளும் ஆற்றலை ஒரு மின்தடையாக எழுதுவது வழக்கம். அதற்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர். அரை அலை டைபோலுக்கு அது 73 ஓம். நம் வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸில் 0.09 ஓம்தான். பிரச்சினை இங்கேதான். உயர் அதிர்வெண் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் மட்டும், சுமார் 0.018 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஓடுகிறது. முக்கால் அங்குலக் குழாயில்கூட அந்தத் தோலின் தடை 0.05 ஓம் ஆகிவிடும். கொடுக்கும் ஆற்றலை இந்த இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கதிர்வீச்சுக்குப் போவது மூன்றில் இரண்டு பங்கு, மீதி வெப்பம். ஒரு திருகு இணைப்பு 0.1 ஓம் சேர்த்தால் போதும், வெளியே போவது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆகவே திருகு வேண்டாம். ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் முக்கால் அங்குலச் செம்புக் குழாயை மூன்றேகால் மீட்டர் வாங்குங்கள். மின்தேக்கிக்குப் போகும் செம்புப் பட்டைகளை ஒரு ஏசி மெக்கானிக்கிடமே கொடுத்து பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்து வாங்குவது நல்லது. மின்தேக்கிக்குப் பழைய வால்வு ரேடியோவின் இரட்டை கேங் கண்டென்சர் (ஸ்டேஷன் மாற்றத் திருப்பும், ஒரே அச்சில் இரண்டு தகடுத் தொகுதிகள் உள்ள மின்தேக்கி) போதும். குழாயின் இரு முனைகளையும் கேங்கின் இரண்டு நிலைத் தகடுத் தொகுதிகளில் தனித்தனியாக இணைக்க வேண்டும். சுழலும் தகடுகளை எங்கும் இணைக்க வேண்டாம். இப்படிச் செய்தால் உரசித் தொடும் இணைப்பு சுற்றிலிருந்தே விலகிவிடும், தாங்கும் மின்னழுத்தமும் இரட்டிக்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட், 7க்கு 200. ரிக்கிலிருந்து, அதாவது ஹாம் ரேடியோ பெட்டியிலிருந்து வரும் கேபிளை, மின்தேக்கிக்கு எதிர்ப் பக்கத்தில், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு வளையத்தில் முடித்துவிடுங்கள். இரண்டு வளையங்களுக்கும் தொடுப்பு தேவையில்லை, காந்தப்புலமே ஆற்றலைக் கடத்திவிடும்.

ஊஞ்சலைத் தாளம் தவறாமல் மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது பெரிதாக ஆடுவதுபோல, இழப்பு குறைந்த இந்த வளையத்தில் சிறு ஆற்றலே பெரிதாகப் பெருகும். வெறும் 5 வாட் கொடுத்தால் கேங்கின் இரு முனைகளுக்கிடையே உச்ச மின்னழுத்தம் 1,800 வோல்ட்டைத் தொடலாம். பழைய கேங்கோடு 5 வாட்டைத் தாண்டாதீர்கள். பேசும்போது யாரும் தொடாதபடி இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இதே காரணத்தால் ஒரு டியூனிங் 20 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் செல்லும். அலைவரிசையை நகர்த்தினால் கேங்கையும் மயிரிழை திருப்ப வேண்டும். கையை அருகில் கொண்டுபோனாலே டியூனிங் ஓடிவிடும், அதனால் அச்சில் ஒரு நீளமான பிளாஸ்டிக் தண்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

பால்கனியின் இரும்பு கிரில்லை மறந்துவிடாதீர்கள். வளையத்தின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி ஆற்றலைத் தின்னும். முடிந்தவரை தள்ளி வையுங்கள். உப்புக் காற்றில் குழாய் கறுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், மின்னோட்டம் அடியிலுள்ள செம்பில் ஓடிக்கொள்ளும். கேங்கின் தகடுகளில் உப்பு படிந்தால்தான் பொறி பறக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை வைத்துவிடுங்கள்.

கிழக்கு பார்த்த பால்கனி என்றீர்கள். வளையத்தின் விளிம்பைக் கிழக்கு மேற்காக வையுங்கள். புதுச்சேரிக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, சுமார் 1,400 கிலோமீட்டரில் இருக்கிறது போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம். 14 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் (வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கு) ஒரே தடவை பட்டுத் திரும்பி அங்கே இறங்கும் தூரம்தான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு அங்கே ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். சுனாமி வந்ததும் அந்த நிலையமே தீவுகளின் அவசரத் தொடர்பாக மாறியது. கடலூரும் புதுச்சேரியும் அதே சுனாமியைப் பார்த்தவை, 2011 இறுதியில் தானே புயலைத் தாங்கியவை. இந்தக் கரையோரக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் மாணவர்கள் கையால் ஒரு வளையம் செய்து, அளந்து, பேசிப் பார்க்க ஏன் பணம் ஒதுக்குவதில்லை? பூட்டி வைக்கும் விலையுயர்ந்த கருவிகளுக்கு ஒதுக்கும் நிதியில் மிகச் சிறு பகுதி போதும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் தேவை 7 மெகாஹெர்ட்ஸ். 1 மீட்டர் வளையத்தில் அங்கே 14 சதவீதம்தான் வெளியே போகும். விட்டத்தை இரட்டித்தால் கதிர்வீச்சுத் தடை 16 மடங்காகும், செம்பின் தடையோ 2 மடங்குதான் ஏறும். அதனால் 1.5 மீட்டராக்கினாலே 14 சதவீதம் 36 ஆகிவிடும். அதற்கு நாலேமுக்கால் மீட்டர் குழாய் வேண்டும், மின்தேக்கியும் குறைவாகப் போதும். நிமிர்ந்த வளையம் தலைக்கு மேலேயும் நன்றாக அனுப்பும். மேல்மாடித் தளம் கொஞ்சம் மறைக்கும், அதனால் பால்கனியின் வெளி விளிம்புக்கு நகர்த்துங்கள். பகலில் அந்த அலை அயனி மண்டலத்தில் பட்டுச் செங்குத்தாகத் திரும்பிக் கடலூர், திருச்சி, சென்னை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் இறங்கும். 5 வாட்டில் குரல் எடுபடாவிட்டால் மோர்ஸிலோ, கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையிலோ முயன்று பாருங்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இவ்வளவும் நடக்கும்.